மைக்கில் சொன்ன தொகை

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீங்கள் இருவரும் கேட்டீர்கள், "பாட்டு அத்தை ஏம்பா இப்பல்லாம் வர்றதே இல்ல?" என்று. "தொண்டை சரியில்லையாம்" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன். உங்கள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அத்தையின் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அவர் வராததற்குக் காரணம் நான். அதை நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் எழுதினால் நிறுத்தி யோசிக்கலாம், தப்பாக வந்தால் அடித்துவிட்டு எழுதலாம். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் நான்கு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். நான் ரிதம் பேட் வாசிக்கிறேன். கீபோர்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்துக் கம்பெனி. ஆண் குரலுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன். பெண் குரலுக்கு அத்தை. என்னை அண்ணா என்று கூப்பிட்டதால் உங்களுக்கு அத்தை ஆனவர். வாரத்தில் ஆறு நாள் துணி தைக்கும் கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஏழாவது நாள் பாடுவார்.

கச்சேரியில் காசு இரண்டு வழியாக வரும். பேசிய தொகையைக் கீபோர்டுக்காரர் போனுக்கு அனுப்பிவிடுவார்கள். வந்த உடனே அவர் அந்த மெசேஜை எல்லோருக்கும் காட்டிவிடுவார். அதில் பேச்சே கிடையாது. இன்னொன்று மேடைக் காசு. பாட்டு பிடித்துப்போனவர்கள் மேடையேறி வந்து, பாடுகிறவர் கையில் நோட்டைக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் சொல்ல வேண்டும். கொடுப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். பெண் குரலில் சொன்னால் இன்னும் சந்தோஷம் என்பதால், வாங்குவதும் சொல்வதும் எப்போதும் அத்தைதான். ஆட்டோ அண்ணன் பாடும்போதும் ஓரமாக நின்று அத்தைதான் வாங்குவார். வாங்கிய நோட்டை மைக் ஸ்டாண்டில் தொங்கும் துணிப்பையில் போடுவார். கச்சேரி முடிந்ததும் நால்வரும் வட்டமாக உட்கார்ந்து எண்ணி, ஐந்து பங்காகப் பிரிப்போம். ஆளுக்கு ஒன்று, ஐந்தாவது பங்கு சவுண்ட் செட்டுக்கு. சொந்தமாக இரண்டு ஸ்பீக்கர் வாங்கிவிட்டால் வாடகை கொடுத்து மாளாது என்ற நிலைமை போய்விடும் என்று மூன்று வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை வீட்டில் அவர் பாடுவதற்கு எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. "மேடையில ஆம்பளைங்க கையால காசு வாங்கற பொழப்பு நம்ம வீட்டுக்கு எதுக்கு?" என்று அவர் மாமியார் கேட்டாராம். கீபோர்டுக்காரரும் நானும் திருமுல்லைவாயிலுக்கு அவர் வீட்டுக்கே போய், அது தனிப்பட்ட காசு இல்லை, பொதுப் பைக்குப் போவது, கணக்கு நாலு பேர் முன்னால் நடக்கும் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் அவர் வீட்டுக்காரர் சரி என்றார். "காசு விஷயத்துல ஒரு பேச்சு வந்தாலும் அன்னியோட நிறுத்திடணும்" என்று அப்போதே சொல்லிவிட்டார். எனக்கு எதிரே உட்கார்ந்துதான் சொன்னார். ஆகவே எந்தப் பேச்சு வந்தால் அத்தைக்குப் பாட்டு போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

போன ஆடியில் ஒரு கோயில் கூழ் விழா. சாயங்காலக் கச்சேரி. நான் உட்காரும் இடம் அத்தையின் முதுகுக்குப் பின்னால். கொடுப்பவர் முகம் தெரியும், கொடுக்கும் நோட்டு தெரியாது. காதில் விழுவது மைக்கில் அத்தை சொல்வது மட்டும்தான். "ஐநூறு ரூபாய் அன்பளிப்பு வழங்கிய அண்ணன் அவர்களுக்கு நன்றி." "இருநூறு ரூபாய் அன்பளிப்பு." அன்றைக்கு ஏனோ மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். கம்பெனியில் லேத் மெஷினில் நிற்கிறவனுக்கு எண்ணுகிற பழக்கம் தானாக வரும். கடைசியில் என் கூட்டல் இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. பையைக் கொட்டினால் ஆயிரத்து நானூற்று இருபது.

தப்பாகக் கூட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கச்சேரியில் ரிதம் பேட் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பில் பென்சிலால் கோடு போட்டேன். நூறுக்கு ஒரு கோடு. பதினெட்டுக் கோடு. பையில் ஆயிரத்து நூறு.

அதற்குப் பிறகு நான் வாசித்தது எல்லாம் கைப் பழக்கத்தில்தான். கண் முழுக்க அத்தையின் கையில். பாட்டு நடுவே தண்ணீர் குடிக்க ஓரமாகப் போவார்; பையையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவார். இதற்கு முன்னாலும் அப்படித்தான் போயிருப்பார், நான் கவனித்ததில்லை. இப்போது அது வேறு மாதிரி தெரிந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்தால், எதை ஒளிக்கிறார் என்று பார்த்தேன். புதிதாகக் கம்மல் போட்டு வந்தார். கவரிங்தான் என்று உங்கள் அம்மா சொன்னாள். கவரிங் என்றால் ஏன் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்று நான் யோசித்தேன். எவ்வளவு கீழே போயிருக்கிறேன் பாருங்கள்.

கீபோர்டுக்காரரிடம் டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"மச்சி, மேடைக் காசு கம்மியா வர்ற மாதிரி தெரியல உனக்கு?"

"வர்றது வருது. அது சம்பளமா?"

"சொல்றது ஒண்ணு, இருக்கிறது ஒண்ணா கீதே."

அவர் டீயை ஊதிக்கொண்டே, "இத நோண்டாத. நோண்டினா குழு நிக்காது" என்றார்.

நல்ல மனசோடு சொன்னது. ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு வேறு கணக்கு ஓடியது. ஏன் நோண்ட வேண்டாம் என்கிறார்? அவருக்கும் அதில் பங்கு உண்டா? ஆட்டோ அண்ணன் கச்சேரி முடிந்ததும் அத்தையை அவர் தெருமுனை வரை ஆட்டோவில் இறக்கிவிடுவார். அந்த வழியில் பேசிக்கொள்வார்களோ? மூன்று பேரும் சேர்ந்து, நான் ஒருவன்தான் ஏமாளியோ? இத்தனை வருஷம் ஒரே மேடையில் கூட இருந்த ஆட்களைப் பற்றி அப்படியெல்லாம் நினைக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆவடியில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து, மதியக் கச்சேரி. உங்கள் சின்ன மாமாவை வரச் சொன்னேன். மண்டபத்துக்கு வெளியே ஒரு ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தேன். அதன் நம்பரில் கடைசி மூன்று எண்ணை ஏற்கெனவே பேனாவால் என் முழங்கைக்கு உள்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

"ஒரு பாட்டு கேட்டுட்டு, இத மேடையில குடுத்துடு."

"இன்னா மாமா, உன் கச்சேரிக்கு நீயே மொய் வெக்கிறியா?" என்று சிரித்தான்.

"ஒருத்தர் குடுத்தா நாலு பேர் குடுப்பான். போ."

நான்காவது பாட்டு முடிந்ததும் சின்ன மாமா ஏறி வந்தான். அத்தைக்கு அவனை நன்றாகத் தெரியும். நம் வீட்டு ரிகர்சலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். சிரித்தார். அவன் குனிந்து ஏதோ சொன்னான், கையை நீட்டினான், இறங்கிப்போனான். "ஐநூறு ரூபாய் அன்பளிப்பு வழங்கிய தம்பி அவர்களுக்கு நன்றி" என்று மைக்கில் கேட்டது. குச்சி வழுக்கியது.

கச்சேரி முடிந்து, மண்டபத்துப் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அத்தை பையைக் கொட்டினார். பத்து, இருபது, ஐம்பது, நூறு, இரண்டு இருநூறு. நான் கையால் எல்லாவற்றையும் பரப்பினேன். ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்றுகூட இல்லை.

"ஐநூறு நோட்டு ஒண்ணு இருக்கணுமே" என்றேன்.

"எந்த ஐநூறுண்ணா?" என்றார் அத்தை.

"என் மச்சினன் குடுத்தது. மைக்ல சொன்னியே."

அத்தை என் முகத்தையே பார்த்தார். நான் சட்டைக் கையை மடித்து, முழங்கையில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினேன்.

ஆட்டோ அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யோவ், இன்னாய்யா இது? நோட்டு நம்பர கைல எழுதிகினு வந்துகீற? நீ இன்னா போலீசா? தங்கச்சிய செக் பண்றியா?"

"நான் கேக்கறது நோட்டு எங்கன்னுதான்."

"நோட்டு எங்கனா, அவ முழுங்கிட்டாளா? வாயத் தொறக்கச் சொல்றியா?"

கீபோர்டுக்காரர் இருவரையும் அமர்த்தப் பார்த்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாக்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அத்தை தன் கைப்பையை எடுத்தார். ஜிப்பைத் திறந்து, நோட்டுகளுக்குப் பக்கத்தில் அப்படியே கவிழ்த்தார். பஸ் பாஸ், சீப்பு, தலைவலி மாத்திரை அட்டை, ரப்பர் பேண்ட் சுற்றிய பாட்டுக் காகிதங்கள், நாற்பது ரூபாய். "பாத்துக்கங்கண்ணா" என்றார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நோட்டு வேறு எங்காவது போயிருக்கும் என்றுதான் என் புத்தி சொன்னது.

"இருக்கிறது இவ்ளோதாண்ணா. இனிமே பைய யாராவது வெச்சிக்கங்க."

தன் பங்கை எடுக்கவில்லை. சிதறியிருந்ததைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஆவடி பஸ் நிறுத்தம் பக்கம் தனியாக நடந்து போனார். ஆட்டோ அண்ணன் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அடுத்த ரிகர்சலுக்கு அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. குற்றம் இல்லாதவர் ஏன் ஒதுங்க வேண்டும் என்று உங்கள் அம்மாவிடமே கேட்டேன். அவள், "உங்க கம்பெனில உங்க டிபன் பாக்ஸ கவுத்துப் பாத்தா அடுத்த நாள் வேலைக்குப் போவீங்களா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சின்ன மாமா சாப்பிட வந்தான். நீங்கள் டியூஷன் போயிருந்தீர்கள். மறுபடி ஆள் கூடிப் பேசும்போது சாட்சி வேண்டுமே என்று அவனைக் கேட்டேன்.

"அன்னிக்கு அந்த ஐநூறு, அவங்க கைலதானே குடுத்த? நோட்ட மடிச்சா, விரிச்சா?"

அவன் சாம்பாரை வழித்துக்கொண்டே சிரித்தான். "ஐநூறா? நீ வேற மாமா. எரநூறுதான் குடுத்தேன். மீதி பெட்ரோலுக்கு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "ஐநூறுன்னு மைக்ல சொன்னாங்களே?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். எனக்கு முன்னாடி ஏறின ஆளு அம்பது குடுத்துட்டு, 'எரநூறுன்னு சொல்லும்மா'ன்னு காதுல சொல்றான். அக்காவும் சிரிச்சிகினே எரநூறுன்னு சொல்டுச்சு. இதான் சிஸ்டம் போலன்னு நானும் எரநூற நீட்டிட்டு, 'அக்கா, ஐநூறுன்னு சொல்லு'ன்னேன். அல்லாரும் அப்படித்தான் மாமா. சொந்தக்காரன் முன்னாடி கெத்தா தெரிய வேணாவா?"

உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். ஆடியில் போட்ட கூட்டலும், டேப்பில் போட்ட கோடும், எல்லாம் ஒரு நிமிஷத்தில் தலைகீழானது. நான் எண்ணிக்கொண்டிருந்தது காசு இல்லை, கொடுத்தவர்கள் ஆசைப்பட்ட தொகை. இதில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு ஒன்று. அன்று மண்டபத்தில், 'உங்க மச்சினன் எரநூறுதான் குடுத்தாரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தை தப்பித்திருப்பார். என் வீட்டு ஆள் பெயர் மூன்று பேர் முன்னால் கெட வேண்டாம் என்று தன் கைப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

சின்ன மாமாவை நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் சில்லறைத் தப்பு செய்தான். மூன்று மாதம் ஒருவரைத் திருடி என்றே நினைத்து முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவன் இல்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, திருமுல்லைவாயிலுக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் மாமியார் கதவைத் திறந்து, "அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, டாக்டர் பாடக் கூடாதுன்னுட்டாராம்" என்றார். உள்ளேயிருந்து அத்தை வந்து, "மாடிப்படி வரைக்கும் போய்ட்டு வரேன் அத்தே" என்று சொல்லிவிட்டு என்னோடு வெளியே வந்தார். படியில் நின்றோம்.

"எல்லாம் தெரிஞ்சிடுச்சும்மா. அவனே சொல்லிட்டான். நான் பண்ணது..."

"மெதுவாப் பேசுங்கண்ணா. வீட்ல தொண்டைன்னுதான் சொல்லியிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க."

"நீ ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா, இப்படிக் கூட்டிச் சொல்லச் சொல்றாங்கன்னு."

"அவங்க காதுல சொல்றதை நான் எப்படி வெளிய சொல்றது? உங்க மூணு பேருக்குச் சொன்னா டீக்கடைல சிரிப்பு ஆயிடும். அப்புறம் எவன் மேடை ஏறுவான்? நம்ம காசுதானே போகும்." வீட்டுக் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "நீங்க என் காதுல கேட்டிருந்தா உங்க காதுல சொல்லியிருப்பேண்ணா. நீங்கதான் கேக்கவே இல்லியே."

"திரும்பி வாம்மா. அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் தப்புன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லுங்க. கண்டிப்பாச் சொல்லுங்க." அவர் கைப்பிடிச் சுவரில் விரலால் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார். "ஆனா நான் வரலண்ணா. வந்தா நீங்க எண்ண மாட்டீங்க, தெரியும். நான் எண்ணிகிட்டு இருப்பேன், நீங்க எத்தனை தடவை என் கையப் பாக்கறீங்கன்னு. பாட்டு வராது."

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டார். அத்தை போய்விட்டார்.

கீபோர்டுக்காரரையும் ஆட்டோ அண்ணனையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னேன். தப்பு என்னுடையது, அத்தை கையில் ஒரு ரூபாய் ஒட்டவில்லை என்று. சின்ன மாமா பெயரையும் மறைக்கவில்லை. அத்தை அன்று எடுக்காத பங்கோடு, செட்டுக்குச் சேர்ந்ததில் நாலில் ஒரு பாகத்தையும் ஆட்டோ அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டார் என்றார். வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணியும் சொல்லல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீபோர்டுக்காரர் துணிப்பையை என் மடியில் போட்டார். "இனிமே நீதான். உனக்குத்தான் கணக்கு நல்லா வருமே."

அந்தப் பையோடு நான் போன முதல் கச்சேரி சென்னீர்குப்பம் பக்கம் ஹைவேயில் ஒரு மண்டபம். அறுபதாம் கல்யாணம், பகல் நிகழ்ச்சி. புதிதாகப் பாட வந்த பெண்ணுக்கு மேடைக் காசைப் பற்றி எதுவும் தெரியாது. ஆட்டோ அண்ணனே மைக்கில் சொல்வது, நோட்டை வாங்கியதும் என் பக்கம் நீட்டுவது, நான் பையில் போடுவது என்று ஏற்பாடு. வயர் எல்லாம் இழுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார். தற்செயலாகத்தான் இருக்கும். இருந்தாலும் என் சட்டைப்பை எனக்கே கனத்தது.

தண்ணீர் பாட்டில் எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டி நிறுத்தும் இடத்துக்குத் தனியாகப் போனேன். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். சட்டைப்பையிலும் பேண்ட் பையிலும் இருந்த என் சொந்தக் காசு, ஒரு நூறு, இரண்டு இருபது, கொஞ்சம் சில்லறை, எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தேன். பேண்ட் பை இரண்டையும் வெளியே இழுத்து ஒரு முறை உதறினேன். சீட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, பாட்டிலோடு மேடைக்குத் திரும்பினேன்.